வரப்போகிற டீச்சருக்கு ஒரு நாற்காலி

காப்பி டம்ளர் தரையில் வைக்கப்பட்ட சத்தத்திலேயே இன்றைய பொழுது எப்படிப் போகும் என்று மிக்கேலம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. மருமகள் புஷ்பமேரி வாயாடி இல்லை. கோபம் வந்தால் பேச்சைப் பாத்திரங்களிடம் ஒப்படைத்துவிடுவாள். டம்ளரும் கரண்டியும் வாணலி மூடியும் ஒன்று மாற்றி ஒன்று மாமியாரைத் திட்டும்.

மிக்கேலம்மாள் கஞ்சி போட்ட நூல் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. ஆனாலும் காலை எட்டு மணி ஆனால் சேலையைக் கட்டி, குடையை எடுத்துக்கொண்டு, பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்பட்டுவிடுவாள். சம்பளம் கிடையாது. யாரும் கூப்பிட்டு மாலை போடுவதும் கிடையாது.

"இன்னைக்குமா போறீங்க அத்தை?"

"ஆமாம்மா..."

"நேத்தே சொன்னேனே. எம்ப்ளாய்மெண்ட் கார்டு புதுப்பிக்க இன்னைக்குத்தான் கடைசி நாளு. புள்ளைக்குக் காய்ச்சல் வுட்டதும் போகலாம்னு தள்ளித் தள்ளி இங்க வந்து நிக்குது. காய்ச்சல் இன்னும் வுடல. தருமபுரிக்குப் போயி அந்தக் கூட்டத்துல நிக்கணும். ஒரே ஒரு நாளு வூட்டுல இருங்கன்னுதான கேட்டேன்?"

குழந்தை அமலி பாயில் கிடந்து முனகியது. மிக்கேலம்மாள் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது.

"நாளைலேர்ந்து எத்தனை நாளு வேணும்னாலும் இருக்கேன் கண்ணு. இன்னைக்கு மட்டும் என்னால முடியாது... புள்ளையை எங்கிட்ட குடு, கூடவே தூக்கிட்டுப் போறேன். மடியிலயே வெச்சுக்கறேன்."

"காய்ச்சல் புள்ளைய காட்டுப் பள்ளிக்கூடத்துல போட்டு வளக்கவா? வேண்டாம். நானே தூக்கிட்டுப் போயிக்கறேன்."

மகன் சவரி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். சர்க்கரை ஆலையில் அரவைக் காலம். லீவு என்று வாயைத் திறக்க முடியாது. தாய்க்கும் தாரத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்வதையே அவனும் செய்தான். வாரிய தலையையே மறுபடி வாரினான்.

"ஒரு நாளு போவலைன்னா பள்ளிக்கூடம் என்ன ஓடியாம்மா போயிடும்?" என்றான் கண்ணாடியைப் பார்த்து.

"ஓடித்தான்டா போயிடும்" என்று சொல்ல வந்தவள் அடக்கிக்கொண்டாள்.

புஷ்பமேரியின் கண் நிறைந்துவிட்டது. "முப்பது வருசத்துக்கு மேல ஒக்காந்துட்டீங்க. இன்னும் அந்த நாற்காலி ஆசை உங்களுக்கு விடலையே அத்தை... நானும்தான் டீச்சர் டிரெய்னிங் முடிச்சுட்டுப் பத்து வருசமா அடுப்படியில கெடக்கறேன். ரிட்டயர் ஆனவங்க எல்லாம் ஓசியில பாடம் எடுத்தா, கவர்மெண்டு எங்களுக்கு எதுக்கு போஸ்டிங் போடும்? 'உன் மாமியாரே உன் சோத்துல கை வெக்குது'ன்னு கூடப் படிச்சவளுங்க சிரிக்கறாளுங்க. எனக்கு மானம் போவுது."

மிக்கேலம்மாளிடம் இதற்குப் பதில் இருந்தது. ஆனால் அது சொல்லக்கூடிய பதில் இல்லை. சூடு ஆறிய காப்பியைக் குடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். பின்னால் வாணலி மூடி ஒருமுறை பேசியது.

பாப்பாரப்பட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவள் அழுதாள். அழுவதற்குத் தோதான இடம் பஸ்தான். காற்று அடித்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.

கணவர் இறந்த வருடத்திலேயே வேலையும் முடிந்தது. சின்ன வயதில் அவளைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார், கை தலைக்கு மேலாகப் போய் அந்தப் பக்கத்துக் காதைத் தொடுகிறதா என்று பார்த்து, தொட்டதும் இரண்டு வயதைத் தாராளமாகக் கூட்டி எழுதிவிட்டார். அந்தப் புண்ணியவான் புண்ணியத்தில் அவள் இரண்டு வருடம் முன்கூட்டியே கிழவியாகி வீட்டுக்கு வந்தாள். மகன் ஆலைக்குப் போய்விடுவான். மருமகளுக்கு அடுப்பும் குழந்தையும். நாள் முழுவதும் தெருவில் போகிற தக்காளி வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை, அப்துல் சுபான் வாத்தியார்தான் ஒரு நாள் வந்து எழுப்பினார். அவரும் ஓய்வு பெற்றவர்.

"டீச்சரம்மா, வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடம் நம்ம பக்கத்துல எத்தனை இருக்குது தெரியுமா? நாம ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவோம். கால் இருக்குற வரைக்கும் போவோம்" என்றார்.

அவளுக்குக் கிடைத்தது சின்னாத்துக்கொட்டாய். மலையடிவாரம். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். இரண்டு ஆசிரியர் பள்ளி என்று பேர். இருந்தது மாதேஸ்வரன் என்கிற தலைமையாசிரியர் மட்டும். இரண்டாவது இடம் காலியாகி வெகு காலம். ஒரே ஆள் ஐந்து வகுப்பையும் மேய்க்க, பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் புளி உலுக்கவும் ஆடு மேய்க்கவும் போய்விட்டன. பிள்ளைகள் குறைந்தால் அந்த இரண்டாவது இடத்தையே எடுத்துவிடுவார்கள். நாற்பது தலையாவது இருக்க வேண்டும். அதை எண்ணத்தான் இன்று அதிகாரி வருகிறார்.

இதைப் புஷ்பமேரியிடம் சொல்லியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். சொல்லலாம்தான். முன்பு ஒரு முறை சொல்லித்தான் பட்டாள். மூன்று வருடத்துக்கு முன் போஸ்டிங் போடுகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, "இந்தத் தடவை உன் பேரு கட்டாயம் வரும் பாரு" என்று மிக்கேலம்மாள்தான் ஆசை காட்டினாள். மாதா கோவிலுக்கு மெழுகுவர்த்திகூட நேர்ந்துகொண்டாள். சீனியாரிட்டி லிஸ்ட் புஷ்பமேரியின் பேருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அந்தப் பெண் இரண்டு நாள் சோறு தொடவில்லை. வயிற்றில் இருந்த முதல் கருவும் அந்த வாரமே கலைந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். மிக்கேலம்மாள் டாக்டரை நம்பவில்லை. இனி நிச்சயமாகாத ஒன்றைச் சொல்லி இந்தப் பெண்ணின் மனசில் ஆசையை வளர்க்கமாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டாள்.

ஒரு இடம் போனால் லிஸ்டில் ஒரு பேர் பின்னால் தள்ளிப்போகும். ஒரு இடம் நின்றால் யாரோ ஒரு பெண் அடுப்படியிலிருந்து எழுந்து வருவாள். அது எந்த வீட்டுப் பெண்ணோ, யாருக்குத் தெரியும்.

சின்னாத்துக்கொட்டாயில் அன்று அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பாதி வீடுகளில் கன்னடம்தான் பேச்சு. பெரியம்மாள் என்கிறவள் தன் மகனைக் களத்துமேட்டில் ஒளித்து வைத்திருந்தாள்.

"புளி உலுக்க ஆளில்லீங்க டீச்சர். நாளைக்கு அனுப்பறேன்."

"நாளைக்கு நீ அனுப்பினா என்ன, அனுப்பாட்டி என்ன? இன்னைக்குத்தான் தலை எண்ண வர்றாங்க. பையன் சத்துணவு சாப்பிட்டுட்டு வரட்டும். சாயங்காலம் நானும் கூட வந்து புளி பொறுக்கறேன், போதுமா?"

பெரியம்மாள் சிரித்துவிட்டாள். பையன் வெளியே வந்தான். அவனுடைய தங்கச்சியும் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. கை காதுக்கு எட்டவில்லை. "தலையைக் கொஞ்சம் சாயி கண்ணு... இன்னும் கொஞ்சம்... ஆங், தொட்டாச்சு" என்றாள் மிக்கேலம்மாள். தனக்கு வயதைக் கூட்டிப் போட்ட வாத்தியாரை அந்த நிமிடம் அவள் மன்னித்துவிட்டாள்.

அதிகாரி வந்தபோது நாற்பதும் இருந்தது, அதற்கு மேலும் இருந்தது. சுவரோரம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மாதேஸ்வரன் சாரின் துண்டு கிடந்தது. இன்னொன்று பளிச்சென்று துடைத்துக் காலியாக இருந்தது. மிக்கேலம்மாள் தரையில், பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து மணலில் அகரம் எழுத வைத்துக்கொண்டிருந்தாள்.

"வயசானவங்க கீழ ஒக்காந்திருக்கீங்களே, அந்த நாற்காலியில ஒக்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

"வேண்டாங்க சார். அது வரப்போற டீச்சருக்கு. நான் ஒக்காந்துட்டா இங்க ஆளு இருக்குதுன்னு நெனச்சுக்குவீங்க. காலியா இருந்தாத்தான உங்க கண்ணுல உறுத்தும்?"

அவர் போகும்போது அந்த நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். மிக்கேலம்மாளுக்கு அந்தப் பார்வை போதுமாக இருந்தது. எழுந்திருக்க முயன்றபோது முழங்கால் நிமிர மறுத்தது. இரண்டு பெண் குழந்தைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அமீனாதான் சொன்னாள். "புள்ளைக்குத் திரும்பி வர்ற பஸ்ஸுலயே ஜன்னி மாதிரி வந்துடுச்சாம்மா. நம்மூரு ஆஸ்பத்திரியிலதான் சேத்திருக்காங்க."

அவள் ஓடினாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் புஷ்பமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். ஆபத்து இல்லை என்று நர்ஸ் சொன்னாள்.

"கார்டு புதுப்பிச்சாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டாள் மிக்கேலம்மாள். கேட்ட பிறகுதான் எந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது.

புஷ்பமேரி நிமிர்ந்து பார்த்தாள். "புதுப்பிச்சாச்சு. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டே நின்னு புதுப்பிச்சேன்... ஊரார் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்க. உங்க பேத்தி தானா வளந்த லட்சணத்தைப் பாத்தீங்களா அத்தை? இனிமே என் புள்ளைய நீங்க தொட வேண்டாம்."

சவரி வந்தான். அவனும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாத்திரங்கள்கூடப் பேசவில்லை. சத்தம் போட்டுத் திட்டுகிற வீட்டில் இருந்துவிடலாம். மரியாதையாகச் சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற வீட்டில் இருப்பதுதான் கொடுமை. தட்டு வரும், தண்ணீர் வரும், குழம்பு வரும். ஒரு வார்த்தை வராது. அமலி, "ஆயா" என்று தவழ்ந்து வந்தால் புஷ்பமேரி அள்ளிக்கொண்டு போய்விடுவாள். மிக்கேலம்மாள் நீட்டிய கையை மெல்ல மடியில் வைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட அவர்கள் மூவரும் முன்னால் போக, இவள் பின்னால் தனியாக நடந்து போனாள். மற்ற நாட்களில் சின்னாத்துக்கொட்டாய்க்குப் போனாள். அங்கே மட்டும்தான் அவளை வாய் நிறையக் கூப்பிட ஆள் இருந்தது.

தேவனிடமும் அவள் நியாயம் கேட்கவில்லை. "எம் மருமவளுக்கு நல்லது நடக்கட்டும்" என்பதோடு செபத்தை முடித்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் உத்தரவு வந்தது. புஷ்பமேரிக்கு வேலை. அந்த வருட லிஸ்டில் கடைசிப் பேர் அவளுடையது. முன்னால் இருந்தவர்கள் எல்லாம் ஊர்ப்பக்கமாகக் கேட்டு வாங்கிக்கொள்ள, கடைசிப் பேருக்குக் கடைசி ஊர் மிஞ்சியது. சவரி உரக்கப் படித்தான்.

"சின்னாத்துக்கொட்டாய்... அம்மா, இது நீ போற ஊருதான?"

மிக்கேலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இப்போது சொன்னால், என்னால்தான் உனக்கு வேலை என்று சொல்லிக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும். அந்தப் பெண் எத்தனை வருடம் காத்திருந்து அடைந்த சந்தோஷம் இது. அதில் பங்கு கேட்பதா?

பல மாதங்களுக்குப் பிறகு புஷ்பமேரி அவளை நேராகப் பார்த்துப் பேசினாள். குரலில் சந்தோஷமும் இருந்தது, முள்ளும் இருந்தது.

"இனிமேலாவது அந்த நாற்காலிய எனக்கு விட்டுக் குடுப்பீங்களா அத்தை?"

"குடுத்துட்டேம்மா" என்றாள் மிக்கேலம்மாள். உள்ளே போய்த் தன் குடையை எடுத்துவந்து கொடுத்தாள். "இத வெச்சுக்க. பஸ்ஸை விட்டு எறங்கினா வழியில நெழலே கெடையாது."

வேறு வழியில்லாததால் குழந்தையும் அவள் கைக்கு வந்தது.

அந்தத் திங்கட்கிழமை புஷ்பமேரி புதுச்சேலை கட்டிப் புறப்பட்டுப் போனாள். சவரி ஆலைக்குப் போனான். மிக்கேலம்மாள் தன்னையறியாமல் கஞ்சி போட்ட சேலையை எடுத்து மடிப்பு நீவினாள். முழுசாகக் கட்டி முடித்த பிறகுதான் போக இடமில்லை என்பது நினைவு வந்தது. அவிழ்க்க மனசு வரவில்லை. அப்படியே உட்கார்ந்தாள்.

அமலி தூங்கிவிட்டது. சுவர்க் கடிகாரம் மட்டும் சத்தம் போட்டது. இப்போது மணி அடித்திருப்பார்கள். இப்போது பேர் கூப்பிடுவார்கள். பெரியம்மாள் மகன் இன்று வந்தானோ, களத்துமேட்டில் ஒளிந்தானோ. அந்தச் சின்னது இன்னும் மணலில் எழுத்தைத் தலைகீழாகத்தான் போடுமோ... கேட்க ஆளில்லை. மத்தியானம் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். அங்கே என்றால் இந்நேரம் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ள அடித்துக்கொள்வார்கள். அவள் தட்டில் இருந்த சோற்றை மறுபடி பானையிலேயே கொட்டினாள்.

விளக்கு வைக்கிற நேரம் புஷ்பமேரி வந்தாள். செருப்பைக் கழற்றினாள், குடையை மாட்டினாள், நேராக மாமியாரிடம் வந்தாள். தரையில் உட்கார்ந்து, அவளுடைய சேலையை முழங்கால் வரை விலக்கிப் பார்த்தாள். இரண்டு முழங்காலும் வீங்கிப் பளபளத்தன.

"என்னம்மா பண்றே? விடு..."

"நடந்து நடந்துதான் இப்பிடி வீங்குதுன்னு நெனச்சேன் அத்தை." புஷ்பமேரியின் குரல் உடைந்தது. "தரையில ஒக்காந்து ஒக்காந்து வீங்கினதுன்னு எனக்கு யாரு சொன்னா? நீங்களாவது சொன்னீங்களா?"

மிக்கேலம்மாள் சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

"நான் உள்ள போனதும் ஒரு பொண்ணு ஓடிவந்து, பாவாடையாலயே அந்த நாற்காலியத் தொடச்சுட்டு, 'ஒக்காருங்க டீச்சர், இது உங்களுது'ன்னுச்சு. 'பெரிய டீச்சர் எங்கே ஒக்காருவாங்க?'ன்னு கேட்டேன். எல்லாம் சிரிக்குதுங்க. 'அவங்க ஒரு நாளும் ஒக்காந்ததில்ல. எங்க பையைக்கூட இது மேல வெக்க வுடமாட்டாங்க. வர்ற டீச்சருக்குன்னு தெனம் தொடச்சு வெப்பாங்க'ன்னு சொல்லுதுங்க அத்தை..."

அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"மாதேஸ்வரன் சார் மிச்சத்தையும் சொன்னாரு. புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னைக்குத்தான் தலை எண்ண வந்தாங்களாம். அன்னைக்கு நீங்க போயி வூடு வூடாக் கூட்டிட்டு வரலைன்னா அந்த எடமே இல்லையாம். அந்த எடம் இல்லைன்னா லிஸ்ட் எம் பேருக்கு வந்தே இருக்காது... நான் உங்கள என்னென்ன பேசிட்டேன். நாற்காலி ஆசைன்னு சொன்னேனே. ஏன் அத்தை எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லி ஒரு தடவை உன்னக் கெடுத்தேனே கண்ணு" என்றாள் மிக்கேலம்மாள். "அந்தப் புள்ள போனது எனக்கு இன்னும் ஆறலை. மறுபடியும் ஆசை காட்டி நீ படுத்துட்டீன்னா நான் எங்க போயி முட்டிக்கிறது? அதோட, அந்த எடம் உனக்குத்தான் வரும்னு எனக்கென்ன தெரியும்? எந்தத் தாயி பெத்த பொண்ணுக்கோன்னு நெனச்சுத்தான் தொடச்சேன்."

புஷ்பமேரி அந்த வீங்கிய முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மிக்கேலம்மாள் அவள் தலையைக் கோதிவிட்டாள். வாசலில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற சவரி எதுவரை கேட்டானோ, உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அம்மா" என்று கூப்பிட்டான்.

"அத்தை" என்றாள் புஷ்பமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் இன்னைக்கு அந்த நாற்காலியில ஒக்காரலை. நாளு பூரா நின்னுக்கிட்டே இருந்தேன்."

"அடி பைத்தியமே. ஒக்காரத்தானே வெச்சேன்?"

"நீங்க வந்து சொல்லணும். ஒக்காருன்னு உங்க வாயால சொன்னாத்தான் ஒக்காருவேன்."

மறுநாள் காலை இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். குழந்தையும் கூடப் போனது. நிழல் இல்லாத வழியில் ஒரே குடையை மருமகள் மாமியார் பக்கமே சாய்த்துப் பிடித்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள், "பெரிய டீச்சர்" என்று வந்து காலைக் கட்டிக்கொண்டன. மிக்கேலம்மாள் அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், முந்தானையால் அந்த நாற்காலியைக் கடைசியாக ஒரு முறை துடைத்தாள். மருமகளின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒக்காரும்மா."

புஷ்பமேரி உட்கார்ந்தாள். "நீங்களும் இருங்க அத்தை. அமலி இங்கயே வெளையாடட்டும். சார் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

மிக்கேலம்மாளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். அத்தனை பேரும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது டீச்சர் பக்கம் ஒரு முகம்கூடத் திரும்பவில்லை. தான் இருக்கிற வரைக்கும் அவை திரும்பாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வூட்டுல சோறு வடிக்கணும்மா. சாயங்காலம் நீ வந்து, யாரு வந்தாங்க, யாரு வரலைன்னு ஒண்ணு விடாம சொல்லணும். அது போதும் எனக்கு."

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். புளியமரத்தைத் தாண்டும்போது பின்னால் புஷ்பமேரி பேர் கூப்பிடுகிற குரல் கேட்டது. முதலில் கொஞ்சம் நடுங்கியது. பிறகு தெளிந்தது. "உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொரு குரலாகப் பதில் வந்தது. எந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு ஒவ்வொன்றும் தெரியும். பெரியம்மாள் மகனும் வந்திருந்தான். கடைசிக் குரல் வரைக்கும் அவள் திரும்பாமல் அங்கேயே நின்று கேட்டாள். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டு, வெயிலில் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள்.